எவர்சில்வரா, வார்ப்பிரும்பா?



அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் நடக்கும் நாளில், அரங்கத்துக்குள் கூட்டம் நுழைவதற்குப் பல மணி நேரம் முன்பே, வெளியே வண்டிகள் நிற்கும் திடலில் சமையல் தொடங்கிவிடும். வண்டியின் பின்கதவை இறக்கி, அருகே ஒரு சிறிய கேஸ் கிரில்லை வைத்து, இறைச்சியும் சோளக்கதிரும் சுடுவார்கள். டெயில்கேட்டிங் என்பது அந்த வழக்கத்தின் பெயர். கோடை வந்தால் இதே அடுப்பு காட்டோர முகாம்களுக்கும் கடற்கரைக்கும் பயணப்படும். கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் காட்டுத்தீ அபாயம் கூடும் மாதங்களில் விறகுக்கும் கரிக்கும் தடை வருவதுண்டு. திருகினால் உடனே அணைகிற கேஸ் அடுப்புக்குப் பல இடங்களில் அப்போதும் அனுமதி கிடைக்கிறது.

இப்படி ஓர் அடுப்பை வாங்கப் போகிறவர் மூடியைப் பார்ப்பார், மடக்கும் கால்களைப் பார்ப்பார், விலையைப் பார்ப்பார். உணவு தொடுவதோ ஒரே ஒரு பாகத்தை: சுடுவதற்கான கம்பித்தட்டு. அது வார்ப்பிரும்பில் வரும். அல்லது நம் வீடுகளில் எவர்சில்வர் என்று சொல்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வரும். எது நல்லது என்று கேட்டால், "வார்ப்பிரும்புதான் சூட்டைப் பிடித்து வைக்கும்" என்ற பதில் கடைக்காரரிடமிருந்து தயாராக வரும்.

அந்தப் பதிலில் பாதி உண்மைதான் இருக்கிறது.

ஒரே பருமனுள்ள இரண்டு துண்டுகளை எடுத்துக்கொள்வோம். ஒரு கன சென்டிமீட்டர் வார்ப்பிரும்பின் சூடு ஒரு டிகிரி ஏற ஏறத்தாழ 3.3 ஜூல் வெப்பம் வேண்டும். அதே அளவு எவர்சில்வருக்கு ஏறத்தாழ 4 ஜூல். அதாவது, பருமன் சமமாக இருந்தால் சற்றுக் கூடுதல் வெப்பத்தைத் தேக்கி வைப்பது எவர்சில்வர்தான். பிறகு வார்ப்பிரும்புக்கு எப்படி வந்தது அந்தப் பெயர்? வார்ப்பிரும்பு எளிதில் உடையக்கூடியது. மெல்லிய கம்பியாக அதைச் செய்ய முடியாது. அச்சில் ஊற்றி, தடித்த, அகன்ற பட்டைகளாகத்தான் வார்க்க வேண்டும். எவர்சில்வரை மெல்லிய கம்பியாக இழுத்தாலும் வளையாமல் எடை தாங்கும். அதனால் செலவைக் குறைக்க நினைக்கும் உற்பத்தியாளர் கம்பியை மெலிய வைத்துவிடுகிறார். சூட்டைப் பிடித்து வைப்பதில் பெரும்பங்கு தடிமனுக்கு உரியது.

வார்ப்பிரும்புக்கு உண்மையான பலம் வேறொன்று இருக்கிறது. வெப்பத்தைக் கடத்துவதில் அது எவர்சில்வரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வேகமானது. சிறிய கிரில்லில் பர்னர் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். அதற்கு நேர் மேலே சூடு அதிகம், ஓரங்களில் குறைவு. அந்த ஏற்றத்தாழ்வை வார்ப்பிரும்பு ஓரளவு சமப்படுத்துகிறது.

தட்டு தேக்கி வைத்திருக்கும் சூடு எப்போது கைகொடுக்கிறது? குளிர்ந்த இறைச்சித் துண்டைத் தட்டில் வைக்கிற அந்தக் கணத்தில். மேற்பரப்பில் உள்ள ஈரம் ஆவியாகும்வரை இறைச்சி சிவக்காது. நிறமும் மணமும் தருகிற வேதிவினையை 1912-இல் விவரித்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மய்யார். அது விறுவிறுப்பாக நடக்க 140 டிகிரி செல்சியஸும் அதற்கு மேலும் வேண்டும். மெல்லிய கம்பி தன் சூட்டைச் சட்டென்று பறிகொடுத்துவிடும். வீட்டுத் தோட்டத்தில் நிற்கும் பெரிய கிரில்லில் பலமான பர்னர்கள் அந்த இழப்பை ஈடுகட்டும். வெபர் கியூ 1200 என்ற சிறிய கிரில்லின் பர்னருக்கு மணிக்கு 8,500 பி.டி.யு., அதாவது சுமார் 2.5 கிலோவாட் திறன்தான். சிறிய பர்னருக்குக் கனத்த தட்டு துணை நிற்கிறது. அந்த கிரில்லில் எனாமல் பூசிய வார்ப்பிரும்புத் தட்டு வைத்திருப்பதன் பொருத்தம் இதில் விளங்கும்.

ஆனால் அந்தத் துணைக்கு ஒரு விலை உண்டு. அதைக் கொடுப்பது கேஸ் சிலிண்டர். 4 கிலோ வார்ப்பிரும்பை 250 டிகிரி சூடேற்ற ஏறத்தாழ 460 கிலோஜூல் தேவை. ஒன்றரைக் கிலோ எவர்சில்வர் தட்டுக்கு 190 கிலோஜூலே போதும். அடுப்பின் வெப்பத்தில் கணிசமான பங்கு காற்றோடு போய்விடுவதால், கனத்த தட்டை 10 முதல் 15 நிமிடம் காயவிட வேண்டியிருக்கிறது. பயணத்துக்கு எடுத்துச்செல்லும் ஒரு பவுண்டு சிலிண்டரில் இருப்பது 465 கிராம் புரொப்பேன். 8,500 பி.டி.யு. பர்னரை முழுவதும் திறந்து வைத்தால் அது சுமார் இரண்டரை மணி நேரம் வரும். 15 நிமிடம் காயவைப்பதிலேயே பத்தில் ஒரு பங்கு தீர்ந்துவிடும். 20,000 பி.டி.யு. வரை எரியும் கோல்மன் ரோட்ட்ரிப் போன்ற கிரில்லில் அதே சிலிண்டர் முழுத் தீயில் ஒரு மணி நேரம்தான் தாங்கும்.

அடுத்தது பராமரிப்பு. பூச்சில்லாத வார்ப்பிரும்பைத் தோசைக்கல் போலப் பழக்க வேண்டும்: எண்ணெய் தடவி, காயவிட்டு, ஒவ்வொரு சமையலுக்குப் பிறகும் துடைத்து, மறுபடி எண்ணெய் பூச வேண்டும். ஈரத்தோடு மூட்டைகட்டினால் அடுத்த முறை துருதான் வரவேற்கும். எலுமிச்சை, தக்காளி ஊறிய இறைச்சி அந்த எண்ணெய்ப் படலத்தை அரித்துவிடும். எனாமல் பூசியதில் இந்த வேலை குறைவு. எனாமல் என்பது சுமார் 800 டிகிரியில் உருக்கி ஒட்டிய கண்ணாடிப் படலம். கண்ணாடி என்பதால், வண்டியில் குலுங்கி மோதினால் சில்லு பெயரும். பெயர்ந்த இடத்தில் துரு ஏறும். ஆகவே தட்டைத் துணியில் சுற்றி எடுத்துச்செல்வது அவசியம். கொதிக்கிற தட்டின் மேல் குளிர்ந்த நீரை ஊற்றினால் வார்ப்பிரும்பு விரிசல் விடக்கூடும்.

எவர்சில்வர் இந்த அடிகளைப் பொறுத்துக்கொள்ளும். 1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருக்கிய எஃகிலிருந்து இன்றுவரை அதன் காவல் குரோமியம்தான்; குறைந்தது 10.5 சதவீதம் இருக்க வேண்டும். அது காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத படலமாகிறது. கீறினாலும் தானே மீண்டும் படிகிறது. 304 என்ற வகையில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. மலிவான 430 வகையில் நிக்கல் இல்லை. காந்தம் நன்றாக ஒட்டும். கடையில் ஒரு சிறு காந்தமே பெருமளவு உண்மையைச் சொல்லிவிடும்.

கடலோர உப்பு 304-ஐயும் புள்ளி புள்ளியாக அரிக்கும். மாலிப்டினம் சேர்ந்த 316 அதை மேலும் தாங்கும், விலையும் ஏறும். படகின் கைப்பிடிக் கம்பியில் பொருத்துகிற மாக்மா கிரில்கள் எவர்சில்வரில் செய்யப்படுவது கடற்காற்றை எண்ணித்தான். தீயில் எவர்சில்வர் பழுப்பேறுவது குறையன்று. கறுத்த பரப்பு பளபளப்பான பரப்பைவிட நன்றாக வெப்பத்தை வீசும். தேய்த்து மினுக்க வேண்டாம்.

ஆக, வண்டியில் கொண்டுபோய்த் தடித்த இறைச்சித் துண்டுகளைச் சுடுகிறவருக்கு எனாமல் பூசிய வார்ப்பிரும்பு. மீன், காய்கறி, கம்பியில் கோத்த சிறு துண்டுகள் சுடுகிறவருக்கும், கடற்கரையில் சமைக்கிறவருக்கும், சுமை குறைய விரும்புகிறவருக்கும் எவர்சில்வர். கம்பி 7 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. வாங்குமுன் தட்டைக் கழற்றி எடையைக் கையில் உணர்ந்து பாருங்கள். மெல்லிய வார்ப்பிரும்பும் தடித்த எவர்சில்வரும் எதிரெதிரே இருந்தால், தடித்ததை எடுங்கள்.

எந்த உலோகமானாலும், சுத்தம் செய்வதில் ஓர் எச்சரிக்கை. கம்பி பிரஷ்ஷிலிருந்து உதிர்ந்த இழையை உணவோடு விழுங்கிக் காயப்பட்ட 6 பேரைப் பற்றி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012-இல் அறிக்கை வெளியிட்டது. ரோட் தீவு மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் பதிவானவை அவை. தட்டு வெதுவெதுப்பாக இருக்கும்போதே மரச் சுரண்டியால் சுரண்டி, ஈரத்துணியால் துடையுங்கள். பழைய கம்பி பிரஷ் வீட்டில் இருந்தால் இன்றே எறிந்துவிடுங்கள்.