குந்தித் தின்னும் உரிமை

(ராயபுரத்தில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

'உணவும் சாதியும்' என்று பேசச் சொன்னார்கள். அது கடல். காசிமேட்டுக் கடலைவிடப் பெரிசு. நான் ஒரு மேசை, ஒரு நாற்காலி அளவுக்குத்தான் பேசப் போகிறேன். ஒரு நல்ல ஓட்டலுக்குள்ளே போய், காசு கொடுத்து, உட்கார்ந்து சாப்பிடுவது. அவ்வளவுதான் விஷயம். 'காசு இருக்கிறவன் போறான், இல்லாதவன் போகல, இது வர்க்கப் பிரச்சினைதானே தோழர்?' என்று வாசலிலேயே ஒரு நண்பர் மடக்கினார். வர்க்கப் பிரச்சினைதான். அது மட்டும்தானா என்று பார்ப்போம்.

குந்தித் தின்றால் குன்றும் கரையும் என்று பழமொழி இருக்குது. யார் யாரைப் பார்த்துச் சொன்னது இது? நம்ம சனம் குந்தித் தின்ற சரித்திரம் எங்கே இருக்குது? வரப்பில் நின்றபடி, ஆண்டை வீட்டுக் கொல்லையில் கையேந்தியபடி கூழ் வாங்கிக் குடித்தவர்கள் நாம். பட்டணத்துக்கு வந்த பிறகும் கிடைத்தது 'கையேந்தி பவன்'. தள்ளுவண்டிக் கடைக்கு இந்தப் பட்டணம் வைத்த பெயர். கிண்டலாகத்தான் வைத்தார்கள். ஆனால் அந்தப் பெயருக்குள்ளே எவ்வளவு வரலாறு நின்றுகொண்டு இருக்குது பாருங்கள். எனக்குக் கையேந்தி பவன் மேல் கோபம் இல்லை. வட சென்னையின் வயிற்றை நிரப்புவது அதுதான். உட்காருவது என்பது சின்ன விஷயம் இல்லை என்று சொல்லத்தான் இதைச் சொல்கிறேன்.

இப்போ பலகையைப் படிப்போம். 'உயர்தர சைவ உணவகம்.' தமிழ்நாட்டில் எந்த ஊர் பேருந்து நிலையத்தில் இறங்கினாலும் கண்ணில் படுகிற எழுத்து. இதில் உயர்தரம் எதற்கு? அரிசிக்கா, எண்ணெய்க்கா, சாப்பிட வருகிற ஆளுக்கா? அசைவக்காரர்களும் அந்தச் சொல்லை எடுத்து மாட்டிக் கொண்டார்கள், அது வேற கதை. ஆனால் 'சைவம்' என்ற சொல்லோடு ஒட்டிக்கொண்டு வரும்போது அந்த 'உயர்' என்பது எனக்கு வேறு மாதிரி கேட்குது. கவிதை எழுதுகிறவனுக்குச் சொல்லின் ஓசைமேல் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

அந்த இடத்தில் முன்பு வேறொரு சொல் இருந்தது. 'பிராமணாள்.' பிராமணாள் காபி கிளப், பிராமணாள் ஓட்டல். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று நம்ம ராயபுரம் ஸ்டேஷனில் இருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. ரயில் வந்தால் சாதி போய்விடும் என்று அப்போதே பலர் நம்பினார்கள். ஒரே பெட்டியில் ஏற்றியது உண்மைதான். ஆனால் வண்டி நின்றதும் ஸ்டேஷன் சாப்பாட்டுக் கூடத்தில் பிராமணாளுக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு ஒரு பக்கம். சுயமரியாதைக்காரர்கள் விடாமல் எதிர்த்து, 1941இல்தான் அது ஒழிந்தது. இரும்புத் தண்டவாளம் போட்டு எண்பத்தஞ்சு வருஷம் கழித்து.

பிறகு முரளி கபே. திருவல்லிக்கேணி. 1957 மே 5 அன்று பெரியார் அந்தக் கடை முன் மறியலைத் தொடங்கினார். பலகையில் இருக்கிற 'பிராமணாள்' என்ற சொல்லை எடு என்பதுதான் கோரிக்கை. கடையை மூடச் சொல்லவில்லை, சாம்பாரை மாற்றச் சொல்லவில்லை. தினமும் ஆட்கள் போய் நின்றார்கள், தினமும் கைதானார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை போனார்கள். அடுத்த ஆண்டு மார்ச்சில் அந்தச் சொல் பலகையில் இருந்து இறங்கியது. அதன் இடத்தில் என்ன சொல் ஏறியது தெரியுமா? 'ஐடியல்.' பிராமணாள் போய் ஐடியல் வந்தது. அந்த ஆங்கிலச் சொல்லைக் கொஞ்சம் தமிழில் புரட்டிப் பாருங்கள், 'உயர்தரம்' எந்த வழியாக வந்து உட்கார்ந்தது என்று தெரியும்.

இந்தப் போராட்டத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஒரு சொல்லுக்காகப் பத்து மாதம் தெருவில் நிற்பது எப்பேர்ப்பட்ட அரசியல்! இங்கே பக்கத்தில் ராபின்சன் பூங்காவில்தான் 1949 செப்டம்பரில் தி.மு.க. பிறந்தது. இந்த மண்ணுக்கு அந்த மரபு தெரியும். ஆனால் நாம் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் போக முடியாது. பட்டணத்தில் பார்ப்பான் பலகை இறங்கிய அதே காலத்தில், கிராமத்து டீக்கடையில் நமக்குத் தனிக் குவளை இருந்தது. அந்தக் கடைக்காரன் பார்ப்பானா? இல்லை. குவளையைக் கழுவி வைத்துவிட்டுப் போ, பெஞ்சில் உட்காராதே, கீழே குந்திக் குடி என்று சொன்னவர்கள் பிற்படுத்தப்பட்ட சாதிகள் என்று தங்களை எழுதிக் கொண்டவர்கள். அந்தக் குவளைக்கு எதிராக எத்தனை நாள் மறியல் நடந்தது? யார் சிறைக்குப் போனார்கள்? நகரத்துப் பலகையைப் பார்த்த கண்ணுக்குக் கிராமத்துக் குவளை தெரியாமல் போனது எப்படி? இந்தக் கேள்வியைத்தான் தலித் இயக்கம் எழுப்பியது. இன்னும் பதில் வரவில்லை.

சட்டம் இல்லையா? இருக்குது. அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு கடை, உணவு விடுதி, ஓட்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. சாதியைச் சொல்லி எவனையும் தடுக்கக் கூடாது. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. 1976இல் அதைத்தான் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றினார்கள். அதன் 4ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். ஓட்டலுக்குள் விடாதது மட்டும் குற்றம் இல்லை. பொதுமக்களுக்காக ஓட்டலில் வைத்திருக்கிற பாத்திரத்தைப் பயன்படுத்த விடாததும் குற்றம். அதாவது குவளை சட்டத்துக்குள்ளேயே இருக்குது. தண்டனை ஒரு மாதத்துக்குக் குறையாமல் ஆறு மாதம் வரை சிறை, கூடவே அபராதம். அபராதம் நூறு ரூபாயில் இருந்து ஐந்நூறு ரூபாய் வரை. இன்றைக்கு ஏசி ஹாலில் இரண்டு பேர் டிபன் சாப்பிட்டால் ஆகிற பில்.

சட்டத்துக்குப் பயந்த கடைக்காரன் என்ன செய்தான்? குவளையை ஒழித்தான், பேப்பர் கப்பைக் கொண்டு வந்தான். நமக்குக் குடித்துவிட்டுத் தூக்கிப் போடுகிற கப், மற்றவனுக்குக் கண்ணாடி டம்ளர். கேட்டால் சுகாதாரம் என்பான். எச்சில் படாத தீண்டாமை. சாதி எப்பவும் புதுசா சாமான் வாங்கும் தோழர்களே, அதுக்குக் கடன் கொடுக்க ஆள் உண்டு.

சரி, சென்னைக்கு வருவோம். 'இங்கே யார் தோழர் சாதி கேக்கறான், காசைத்தான் கேக்கறான்' என்பீர்கள். எங்க நைனா ஹார்பரில் மூட்டை தூக்கினவர். எனக்கு பேங்க் வேலை உறுதியான மாசம் அவரையும் அம்மாவையும் ஒரு பெரிய ஓட்டலுக்குக் கூட்டிப் போனேன். பெயர் வேண்டாம். நைனா வெள்ளை வேட்டி, சட்டை. குளித்து, பவுடர் எல்லாம் பூசிக்கொண்டு ஜோராகத்தான் வந்தார். கண்ணாடிக் கதவைத் திறந்தவன் எங்களை ஒரு தடவை பார்த்தான். 'பார்சலா? பார்சல் அந்தப் பக்கம் சார்.' அவ்வளவுதான். கெட்ட வார்த்தை இல்லை, தள்ளவில்லை, 'சார்' கூடப் போட்டான். நான் 'உட்கார்ந்து சாப்பிட வந்திருக்கோம்' என்றதும் மன்னிப்பும் கேட்டான். பிறகு கைகழுவும் இடத்துக்குப் பக்கத்து மேசையைக் காட்டினான். ஜன்னலோர மேசைகள் மூணு காலியாக இருந்தன. அவை 'புக்' ஆகிவிட்டனவாம். நாங்கள் எழுந்து வருகிற வரைக்கும் இரண்டுக்கு யாரும் வரவில்லை.

நைனா ஒவ்வொரு அயிட்டத்துக்கும் விலை கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார். அம்மா பேசவே இல்லை, தட்டைப் பார்த்தபடியே இருந்தார். வெளியே வந்ததும் நைனா பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு சொன்னார்: 'சோறு சொகுசாத்தான் கீதுடா. குந்தத்தான் முடியல.'

இதை எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது? 4ஆம் பிரிவு போதாது. அவன் எங்கள் சாதியைக் கேட்கவில்லை. நிறத்தைப் பார்த்தான், செருப்பைப் பார்த்தான், அம்மா புடவை கட்டியிருந்த விதத்தைப் பார்த்தான். பார்த்ததும் அவனுக்கு ஒரு கணக்கு வந்தது. அந்தக் கணக்கை வாசலில் நின்ற அந்தப் பையன் போடவில்லை. அவனும் நம்ம மாதிரி ஒரு சேரியில் இருந்து வந்தவனாகக்கூட இருக்கலாம். யாரை எங்கே உட்கார வைப்பது என்பதை அந்த வேலை அவனுக்குக் கற்றுக் கொடுத்திருக்குது.

பார்சல் என்ற சொல்லைக் கொஞ்சம் பிடித்துக் கொள்வோம். 1960 பிப்ரவரி 1, அமெரிக்கா, வட கரோலினா, கிரீன்ஸ்பரோ நகரம். நான்கு கறுப்பின மாணவர்கள் உல்வொர்த் கடைக்குள் போனார்கள். அந்தக் கடையில் கறுப்பர்கள் நோட்டு வாங்கலாம், பற்பசை வாங்கலாம். பணத்தை வாங்கிப் போட்டுக்கொள்வான். ஆனால் சாப்பாட்டு மேடையில் உட்கார முடியாது. அந்த நாலு பையன்களும் உட்கார்ந்தார்கள். காபி கேட்டார்கள். கொடுக்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. மறுநாள் கூட்டம் சேர்ந்தது, சில வாரங்களில் தெற்கு மாநிலங்கள் முழுக்கப் பரவியது. ஜூலையில் அந்தக் கடை பணிந்தது. 1964இல் அவர்களுக்குச் சட்டம் வந்தது. நமக்கு ஒன்பது வருஷம் முன்னாடியே வந்துவிட்டது. சட்டத்தில் நாம் முந்தி, நாற்காலியில் பிந்தி. உங்கள் வயசுப் பையன்கள் தோழர்களே, கல்லூரி மாணவர்கள்.

நம்ம கல்லூரியைப் பார்ப்போம். 2018 டிசம்பர், சென்னை ஐஐடி. ஒரு மாணவர் உணவகத்தில் சைவத்துக்குத் தனி வாசல், அசைவத்துக்குத் தனி வாசல், கைகழுவத் தனித்தனித் தொட்டி என்று தாள் ஒட்டினார்கள். அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்து மாணவர்கள் வெளியே சொன்னதால் உலகத்துக்குத் தெரிந்தது. ஒப்பந்தக்காரர் செய்தது என்று நிர்வாகம் சொன்னது, தாள் கிழிந்தது. 1941இல் ரயில்வே ஸ்டேஷனில் ஒழித்ததை 2018இல் அறிவியல் படிக்கிற இடத்தில் திரும்ப ஒட்டுகிறான். சொல் மட்டும் மாறியிருக்குது. பிராமணாள் என்ற இடத்தில் சைவம்.

'அவங்கவங்க சாப்பாடு அவங்கவங்க உரிமை' என்று ஒரு நியாயம் வரும். இருக்கட்டும். யார் என்ன தின்கிறார்கள் என்பதில் நமக்குச் சண்டை இல்லை. என் கை பட்ட குழாயை அவன் தொட மாட்டேன் என்பதில்தான் சண்டை. அசைவ ஓட்டலும் நமக்கு முழுசாகத் திறந்துவிடவில்லை. மிலிட்டரி ஓட்டல், விலாஸ், செட்டிநாடு என்று எத்தனை பலகை! உள்ளே போய் 'கறி' என்றால் ஆடு, கோழி. மாடு என்று வாயைத் திறந்து பாருங்கள். புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் சாயங்காலத் தள்ளுவண்டியில் சில்லி பீஃப் மணக்குது. அந்த மணம் ஏசி ஹாலுக்குள் போகக் கூடாது.

அரசாங்கமும் இந்தப் பலகையைத்தான் படிக்குது. 2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா. தோல் பதனிடும் ஊர், முஸ்லிம்களும் தலித்துகளும் நிறைந்த ஊர். அங்கே மாட்டுக்கறி பிரியாணிக்கு இடம் இல்லை என்றார்கள். எதிர்ப்பு வந்தது. இலவசமாக நாங்களே போடுகிறோம் என்று இயக்கங்கள் அறிவித்ததும் மழையைக் காரணம் காட்டித் திருவிழாவையே தள்ளி வைத்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னைத் தீவுத்திடலில் உணவுத் திருவிழா. அங்கேயும் முதலில் இல்லை, கண்டனம் எழுந்த பிறகுதான் கடை வந்தது. 2024 டிசம்பரில் மெரினாவிலும் அதே கதை. ஒவ்வொரு தடவையும் நாம் கத்திய பிறகுதான் அவர்களுக்கு ஞாபகம் வருது. யாரும் வேண்டுமென்றே செய்யவில்லை என்பார்கள். மறதிக்கும் சாதி உண்டு.

உணவு விடுதி என்றால் எனக்கு எப்பவும் வடோதராதான் நினைவுக்கு வரும். 1917. அம்பேத்கர் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடா அரசு வேலைக்குப் போனார். தங்க இடம் இல்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைச் சொல்லித் தங்கினார். பதினோராவது நாள் காலையில் தடிகளோடு வந்து நின்றார்கள். சாயங்காலத்துக்குள் காலி பண்ணு. நண்பர்கள் வீட்டிலும் இடம் கிடைக்கவில்லை. பூங்காவில் போய் உட்கார்ந்திருந்துவிட்டு ராத்திரி ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார். அவரே எழுதி வைத்திருக்கிறார். அதே வடோதரா மாவட்டத்தில், தபோய் பக்கம், 2019 ஜூனில் ஒரு ஓட்டலின் கழிவுத் தொட்டிக்குள் ஏழு பேர் செத்தார்கள். நாலு பேர் துப்புரவுத் தொழிலாளர்கள், மூணு பேர் அந்த ஓட்டல் ஊழியர்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்த சட்டம் 2013இலேயே வந்திருந்தது. ஓட்டலின் முன்வாசலில் நம்மை நிறுத்துகிறவன் பின்வாசலில் கூப்பிட்டு இறக்குகிறான். அந்தத் தொட்டிக்கு மட்டும் யாரும் 'உயர்தரம்' என்று பலகை வைப்பதில்லை.

இப்போ இன்னொரு வாசல் புதுசா வந்திருக்குது. இந்த அரங்கில் இருக்கிற தம்பிகளில் சிலர் கல்லூரி முடிந்து சாப்பாடு டெலிவரி பண்ணுகிறவர்கள் என்று தெரியும். பெரிய ஓட்டல் வாசலில் வெயிலில் நிற்கிறீர்கள். அந்தச் சோற்றைத் தூக்கிக்கொண்டு போகிறீர்கள், அங்கே உட்கார்ந்து தின்றது கிடையாது. 2024 மார்ச்சில் சொமாட்டோ நிறுவனம் சுத்த சைவக்காரர்களுக்குத் தனிப்படை, அதற்குப் பச்சைச் சட்டை என்று அறிவித்தது. எதிர்ப்பு வந்ததும் மறுநாளே சட்டையை மட்டும் கைவிட்டது. குவளை போய் சட்டைக்கு வந்துவிட்டது பாருங்கள்.

நான் கேட்பது இதுதான். நீங்கள் போகிற ஓட்டல்களில் உங்களை எங்கே நிற்கச் சொல்கிறார்கள், தண்ணீர் எதில் கொடுக்கிறார்கள், கழிவறையை விடுகிறார்களா, எந்த லிஃப்டில் ஏறச் சொல்கிறார்கள் என்று தேதி போட்டு எழுதுங்கள். உள்ளே பாத்திரம் கழுவுகிற அக்காவிடம் பேச்சுக் கொடுங்கள், அவங்க எங்கே உட்கார்ந்து சாப்பிடறாங்கன்னு கேளுங்க. உங்க அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் உள்ளே போங்கள், எந்த மேசை கிடைத்தது என்பதையும் எழுதுங்கள். கவிதையாக வேண்டாம், கணக்காக எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் அதை வைத்துக்கொண்டு உட்காருவோம். வழக்கறிஞர் தோழர்களையும் கூப்பிட்டிருக்கிறோம், 4ஆம் பிரிவில் எதுவரைக்கும் போக முடியும் என்று அவர்கள் சொல்லட்டும்.