கரையை அளந்த கப்பித்தான்



ஒரு சட்டசபையில் யார் யார் இருக்கிறார்கள் என்று நாம் கேட்பதுண்டு. அவர்கள் எவ்வழியாக அங்கே வந்து சேர்ந்தார்கள் என்று கேட்பது அரிது. அவுஸ்திரேலியாவில் அவ்விதம் வந்து சேர்ந்த ஒருவரைப் பற்றியே இன்று பேச முன்வந்துள்ளோம்.

பிலிப் பார்க்கர் கிங் 1791ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள் நோர்போக் தீவிலே பிறந்தார். அவருடைய தந்தையார் 1800 முதல் 1806 வரை நியூ சவுத் வேல்ஸின் தேசாதிபதியாக விளங்கியவர். மகன் இங்கிலாந்திலே கல்வி கற்று, 1807இல் பிரித்தானியக் கடற்படையிற் சேர்ந்தார். அவுஸ்திரேலியக் கரையில் முன்னே அளந்தோர் விட்டுச் சென்ற பகுதிகளை அளந்து முடிக்கும் பணி 1817இல் அவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. ‘மேர்மெயிட்’ என்னும் அவரது கப்பல் 84 தொன் மாத்திரமே கொள்ளும். அச்சிறு கலத்திலும், பின்னர் ‘பாதர்ஸ்ட்’ என்னும் கப்பலிலுமாக, 1822 வரை நான்கு முறை பயணஞ் செய்தார். நூலிற் கட்டிய ஈயக்குண்டை இறக்கி ஆழம் பார்ப்பதும், கரையிலுள்ள குன்றுகளின் கோணத்தைக் குறிப்பதும், பவளப் பாறைகளுக்கிடையே ஒவ்வோர் இரவையும் அச்சத்தோடு கழிப்பதுமே அவர் தொழில். அதை அவர் நேர்மையாகவே செய்தார். அவர் வரைந்த படங்களை நம்பி அவருக்குப் பின் எத்தனையோ கப்பல்கள் ஓடின. இதனை மறுப்பது நம் நோக்கமன்று.

முதற் பயணத்தில் அவரோடு சென்றவர்களுள் ஒருவர் பங்கரீ. இவர் அந்நாட்டின் ஆதிக்குடிகளைச் சேர்ந்தவர். முன்னர் மத்தியூ பிளிண்டர்ஸ் அக்கண்டத்தைச் சுற்றி வந்தபோதும் உடன் சென்றவர். கரையிலே இறங்கும்போது அங்குள்ள மக்களை அணுகிச் சமாதானம் பேசுவதற்கு அவரையே முன்னே விட்டார்கள். 1815இல் மக்குவாரி தேசாதிபதி இவருக்கு ‘தலைவர்’ என்று பொறித்த பித்தளைத் தகடொன்றை மார்பில் அணியக் கொடுத்தார். அத்துடன் சிட்னித் துறைமுகக் கரையில் 15 ஏக்கர் நிலமும் ஒதுக்கினார். கொடுத்த நிலம் யாருடையது என்ற கேள்வி அன்று எழவில்லை. இந்தப் 15 ஏக்கரை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கிங் 1826 முதல் 1830 வரை ‘அட்வெஞ்சர்’, ‘பீகிள்’ ஆகிய கப்பல்களுடன் தென்னமெரிக்கக் கரையை அளந்தார். டார்வின் பின்னர் ஏறிச் சென்றாரே, அதே பீகிள்தான். 1832இல் அவர் சிட்னிக்குத் திரும்பினார். இனி அவர் வாழ்வு கடலில் அன்று, காணியில்.

இலண்டனில் 1824இல் அவுஸ்திரேலிய விவசாயக் கம்பனி என்றொரு கம்பனி தோன்றியது. அதன் மூலதனம் 10 இலட்சம் பவுண். அதற்கு அரசாங்கம் வழங்கியதோ 10 இலட்சம் ஏக்கர் நிலம்! ஆட்டு ரோமத்தை இங்கிலாந்துக்கு அனுப்புவது அதன் நோக்கம். நியூகாசில் நிலக்கரியையும் பிறர் தோண்டி விற்காதபடி அக்கம்பனி பல்லாண்டுகள் தன் கையில் வைத்திருந்தது. 1847இலேதான் அவ்வுரிமையைக் கைவிட்டது. தண்டனைக் கைதிகளின் உழைப்பு அதற்கு மலிவாகக் கிடைத்தது. போட் ஸ்டீவன்ஸ் பகுதியில் அதன் ஆடுகள் மேய்ந்த நிலம் வொரிமி மக்களின் நிலம். இக்கம்பனிக்கு அங்கிருந்த தலைமை நிர்வாகியாக 1839 முதல் 1849 வரை பதவி வகித்தவர் நமது கப்பித்தான் கிங். அவர் பொறுப்பேற்ற காலமும் நல்ல காலமன்று. 1840இல் நியூ சவுத் வேல்ஸுக்குக் கைதிகள் வருவது நின்றது. அதன்பின் கடும் பொருளாதார நெருக்கடியும் வந்தது.

அரசியலுக்கு வருவோம். 1839இல் கிங் சட்டநிரூபண சபைக்கு நியமிக்கப்பட்டார். ஆயினும் அப்போது அங்கே நிலைக்கவில்லை. அவருடைய சகோதரியின் கணவர் ஹனிபல் மக்காதரோ கம்பனியின் காரியங்களிலும் பங்குகொண்டார், அச்சபையிலும் வீற்றிருந்தார். குடும்பம், கம்பனி, சபை மூன்றும் ஒரே மேசையில் உண்டன என்றால் மிகையாகாது.

1843இல் சபை மாற்றப்பட்டது. 36 உறுப்பினரில் 24 பேர் தேர்தலால் வந்தனர், 12 பேர் நியமனம் பெற்றனர். தேர்தல் என்றதும் மக்கள் அனைவரும் வாக்களித்தனர் என்று எண்ணிவிடாதீர்கள். 200 பவுண் பெறுமதியான நிலமோ, ஆண்டுக்கு 20 பவுண் வாடகை பெறுமதியான வீடோ உள்ள ஆண்களுக்கே வாக்கு. ஆடு மேய்த்த இடையனுக்கு வாக்கில்லை. சுரங்கத்தில் நிலக்கரி வெட்டியவனுக்கு இல்லை. வொரிமி மக்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவ்வாறான வாக்காளர் கூடி 1850இல் கிங் அவர்களைத் தெரிந்தெடுத்த தொகுதி குளொஸ்ரர், மக்குவாரி மாவட்டங்கள். போட் ஸ்டீவன்ஸ் அந்தக் குளொஸ்ரர் மாவட்டத்தில்தான் உள்ளது. பத்தாண்டு தாம் நிர்வகித்த காணியின் பெயராலே அவர் சபைக்குட் புகுந்தார்.

அவர் தீயவரல்லர். ஈயக்குண்டைப் பொய்யாக இறக்காத கை, கணக்கைப் பொய்யாக எழுதியது என்று சொல்ல நம்மிடம் சான்றில்லை. தீமை சட்டத்திலேயே இருந்தது. அவர் அதனுள்ளே நல்ல உத்தியோகத்தராக நடந்துகொண்டார். நல்ல உத்தியோகத்தர் இருந்ததனாலேயே அச்சட்டம் பலருக்கு நியாயமாகவும் தோன்றிற்று.

1855இல் கிங் றியர் அட்மிரலாக உயர்த்தப்பட்டார். அவுஸ்திரேலியாவிற் பிறந்து அப்பதவியை எய்திய முதல்வர் அவரே. அடுத்த ஆண்டு பெப்ரவரி 26ஆம் நாள் சிட்னியில் காலமானார். பொறுப்பாட்சிப் பாராளுமன்றம் அங்கே கூடியது அவ்வாண்டு மே மாதத்தில். பங்கரீ 1830இலேயே இறந்துபோயிருந்தார்.