ஒரே ஆல்பம், ரெண்டு சுருதி

இந்த வாரம் கோடிங் இல்ல, ஒரு சி.டி. பத்திப் பேசப் போறேன். ஆனா இதுவும் ஒரு வகையில பக் தேடின கதைதான்.

காலேஜ் ரெண்டாவது வருஷம். வெளிநாட்டுல இருந்த என் மாமா, தன்னோட பழைய சி.டி. ஒண்ணைக் குடுத்தார். மைல்ஸ் டேவிஸோட ‘கைண்ட் ஆஃப் புளூ’. 1959ல வந்த ஜாஸ் ஆல்பம். முதல் டிராக் ‘ஸோ வாட்’, டி டோரியன் ஸ்கேல். நம்ம ஊர் கணக்குல கரகரப்பிரியா. பெரும்பகுதிக்கு வெள்ளைக் கட்டைகளே போதும். ஆசையா கீபோர்டுல கூடவே வாசிச்சுப் பார்த்தேன். சேரவே இல்ல. டி அழுத்தினா சி.டி. கொஞ்சம் மேல நிக்குது. பக்கத்துக் கட்டைக்குப் போனா, அது தாண்டிப் போயிடுது. நமக்கு சுருதி ஞானம் இல்லைன்னு முடிவு பண்ணி, கீபோர்டைப் பரண்ல ஏத்திட்டேன்.

ரெண்டு வருஷம் கழிச்சு, ஒரு நண்பன் ரூம்ல அதே ஆல்பம். 1997ல வந்த சி.டி. அவன் கீபோர்டுல சும்மா டி அழுத்தினேன். அப்படியே ஒட்டிக்கிச்சு!

விஷயம் இதுதான். 1959 மார்ச் 2 அன்னைக்கு, நியூயார்க்ல கொலம்பியாவோட 30வது தெரு ஸ்டூடியோவுல பதிவு நடந்தப்போ, முக்கியமான டேப் மெஷின் கொஞ்சம் மெதுவா ஓடியிருக்கு. மெதுவா பதிஞ்சதைச் சரியான வேகத்துல ஓட்டினா பாட்டு வேகமாகும், சுருதியும் ஏறும். அன்னைக்குப் பதிவான முதல் மூணு டிராக்கும் அப்படியே எல்.பி.யில போய், ஆரம்பகால சி.டி.க்கள் வரைக்கும் வந்துடுச்சு. கூடவே ஓடின பேக்கப் மெஷின் சரியா ஓடியிருக்கு. அந்த டேப்பை வச்சு 1992லதான் திருத்தினாங்க.

சரி, உங்ககிட்ட இருக்கிற சி.டி. எந்த வெர்ஷன்? அட்டையில போட்டிருக்கிற 1959ஐ நம்பாதீங்க, அது முதல்ல வெளியான வருஷம். கேட்டலாக் நம்பரையும், டிஸ்க்கோட பளபளப்பான பக்கத்துல நடு வளையத்தில் இருக்கிற மேட்ரிக்ஸ் நம்பரையும் குறிச்சுக்கோங்க.

அடுத்து ரெண்டு சி.டி.யையும் ரிப் பண்ணுங்க. செக்சம் வேற வேறன்னா உடனே குதிக்க வேண்டாம். ஒரே மாஸ்டர்ல இருந்து வந்த ரெண்டு பிரஸ்ஸிங்லயே சாம்பிள்கள் கொஞ்சம் முன்னபின்ன தள்ளி இருக்கலாம். தொடக்கத்தை ஒட்டி வச்சு, ஒண்ணைத் தலைகீழாக்கி இன்னொண்ணோட கூட்டுங்க. முழு நிசப்தம்னா ரெண்டும் ஒண்ணுதான்.

வேகமே மாறியிருந்தா இந்த சோதனை உதவாது. அதுக்கு நான் செஞ்சது: பாட்டோட ஆரம்பத்துல ஒரு டிரம் அடி, கடைசியில ஒரு அடி. ரெண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தை ரெண்டு சி.டி.யிலும் அளந்து வகுத்தேன். முதல் மூணு டிராக்ல மாமா சி.டி. ஒரே விகிதத்துல வேகமா இருந்துச்சு. கடைசி ரெண்டுல வித்தியாசமே இல்ல. ஏன்னா அந்த ரெண்டும் ஏப்ரல் 22 அன்னைக்குத் தனியா பதிவானவை.

அப்ப தப்பு சி.டி.யைத் தூக்கிப் போட்டுடலாமா? வேண்டாம். அவங்க உண்மையில வாசிச்ச சுருதி திருத்தினதுலதான் இருக்கு. ஆனா 33 வருஷம் உலகம் கேட்டது மத்தது. அதைக் கேட்டுக் கூடவே வாசிச்சுப் பழகினவங்க எத்தனையோ பேர் இருந்திருப்பாங்க. எத்தனை பேர் என்னை மாதிரி தன் காதைச் சந்தேகப்பட்டாங்களோ! ஸ்ட்ரீமிங்ல ஆல்பம் பேர் ஒண்ணுதான் தெரியும், பின்னாடி என்ன மாறிச்சுன்னு சேஞ்ச்லாக் எதுவும் வராது. பழைய வெர்ஷனுக்குச் சாட்சி, வீட்டுல தூசி படிஞ்சு கிடக்கிற அந்த டிஸ்க்தான்.

அதனால பழைய சி.டி.யை எடைக்குப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டுப் பாருங்க. நான் கீபோர்டைப் பரண்ல இருந்து இறக்கிட்டேன். வாசிப்பு இன்னும் சுமார்தான். ஆனா இப்ப தப்பு விழுந்தா அது நிச்சயமா என்னோடதுதான்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.