குருத்தில் கத்தி படக்கூடாது

இயற்கைச் சாயம் போட்ட துணி என்று சொன்னாலே இன்று கூடுதல் விலை. ஆனால் காட்டிலிருந்து எதை எடுக்கலாம், எதை விட்டுவைக்க வேண்டும் என்ற கணக்கு தெரிந்தவர்கள் குறைவு. அந்தக் கணக்கில் தேர்ந்தவர்கள் நியூசிலாந்தின் மாவோரி நெசவுப் பெண்கள்.

அவர்களுக்கு நார் தருவது ஹரகெகே என்ற செடி. சதுப்பு நிலங்களில் ஆளுயரத்துக்கு மேலும் வளரும். நடுவில் நிற்கும் குருத்து அவர்களுக்குப் பிள்ளை. அதன் இருபுற இலைகள் பெற்றோர். இந்த மூன்றிலும் கத்தி படக்கூடாது. வெளியே இருக்கும் முதிர்ந்த இலைகளை மட்டும் அறுப்பார்கள். மழையிலும் இரவிலும் அறுப்பதில்லை.

இலையின் மேல்தோலை மட்டி ஓட்டால் வழித்தெடுத்தால் பளபளப்பான வெண்ணிற நார் வரும். மூகா என்பார்கள். அதை வெறுங்காலின் மேல் உருட்டித் திரித்து, தறி இல்லாமல் விரல்களாலேயே மேலங்கியாகப் பின்னுவார்கள்.

சாயமும் காட்டிலிருந்துதான். தானெகாஹா மரப்பட்டையை வேகவைத்தால் செம்பழுப்பு கிடைக்கும். கறுப்புக்கு, துவர்ப்புள்ள பட்டைச் சாற்றில் நாரை ஊறவைத்து, இரும்புச் சத்து மிகுந்த சேற்றில் புரட்டுவார்கள். நம் கலம்காரிக் கலைஞர்கள் கடுக்காய் ஏற்றிய துணியில், துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் ஊறிய நீரால் கறுப்புக் கோடு இழுக்கிறார்களே, அதே வேதியியல்தான் இதுவும்.

இந்தக் கறுப்புக்கு ஒரு குறையும் உண்டு. அதிலுள்ள இரும்பு காலப்போக்கில் நாரையே அரித்துவிடும். அருங்காட்சியகங்களில் உள்ள பழைய மேலங்கிகளில், மற்ற இழைகள் உறுதியாக இருக்கும்போதே கறுப்பு இழைகள் பொடிந்து உதிர்கின்றன. இயற்கை என்பதற்காக எல்லாமே நீடித்து நிற்பதில்லை.

நீடித்திருப்பது அந்த அறுவடை ஒழுங்கு. ரங்கிமாரியே ஹெடெட் (1892–1995) போன்ற மூத்த நெசவாளர்கள், 1951இல் தொடங்கிய மாவோரிப் பெண்கள் நலச் சங்கத்தின் வழியாகத் தங்கள் குலத்துக்கு வெளியே இருந்தவர்களுக்கும் நெசவைக் கற்றுக்கொடுத்தார்கள். செடியை அறுக்கும் முறையும் அந்தப் பாடத்தில் சேர்ந்ததுதான்.

சாயப் பட்டைக்கும் அந்த ஒழுங்கு வேண்டும். மரத்தைச் சுற்றிலும் பட்டையை உரித்துவிட்டால் மரம் பட்டுப்போகும். சாயம் மட்டும் இயற்கையாக இருந்து என்ன பயன்? அடுத்த முறை கடையில் இயற்கைச் சாயத் துணியைக் கையில் எடுத்தால், சாயத்தின் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். பட்டையும் வேரும் எப்படி எடுக்கப்பட்டன, எடுத்த பிறகும் அந்த மரம் நிற்கிறதா என்றும் கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவருக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம்.