முதலிடமும் முதிர்ச்சியும்



பாட்டுப் போட்டியென்றால் மேடையில் தோன்றும் முடிவையே நாம் காண்கிறோம். அதற்குப் பின்னாலுள்ள பயிற்சி நமக்குத் தெரிவதில்லை. 2001 ஒக்டோபரில் ஸ்பெயினின் அரச தொலைக்காட்சியில் ஆரம்பமான ‘ஒப்பரேசியோன் திரியுன்போ’ அத்திரையை விலக்கிற்று.

இளம் பாடகர்கள் 16 பேர் ஒரு பயிலகத்திலேயே தங்கிக் குரற்பயிற்சியும் ஆடலும் கற்றனர். அவர்கள் தடுமாறித் திருந்துவதையும் நாடு பார்த்தது. வாரந்தோறும் நடுவர்கள் நால்வரை வெளியேற்றத்துக்கு முன்மொழிவர். அவருள் ஒருவரை ஆசிரியர்களும் இன்னொருவரைச் சகபாடிகளும் காப்பாற்றுவர். எஞ்சிய இருவரில் யார் தங்குவதென்பதை மக்களின் தொலைபேசி வாக்குகள் தீர்மானிக்கும்.

கிரனடாப் பகுதியில், சுட்ட கோழி விற்கும் குடும்பக் கடையில் வேலை செய்த கூச்ச சுபாவமுள்ள ரோசா லோபெஸ், 2002 பெப்ரவரியில் முதலிடம் பெற்றார். அவ்வாண்டு தாலின் நகரில் நடந்த யூரோவிஷன் போட்டியிலோ அவருக்கு ஏழாமிடமே கிடைத்தது. இரண்டாமவரான டேவிட் பிஸ்பால் இலத்தீன் அமெரிக்கா எங்கும் புகழ்பெற்றார்.

இலக்கியம் கற்பிப்பவன் என்ற முறையில் இதனை நான் ஒரு தொடர்கதையாகவே நோக்குகிறேன். பாத்திரம் வளர்வதைக் கண்டவர்கள் அதன்மீது பாசங்கொண்டனர். அப்படியானால் மக்கள் வாக்களித்தது பாட்டுக்கா, பாடியவரின் கதைக்கா? இரண்டுக்குமே என்பேன். ஆனால் கதை இறுதி நாளோடு முடிந்துவிடுகிறது. அதன்பின் பாடகருக்குத் துணைநிற்பது அவர் கற்றுக்கொண்டது மட்டுமே. ஆகவே, அங்கு கிடைத்த பெரும் பரிசு முதலிடமன்று, பயிற்சியே என்பது என் துணிபு.