தீர்ப்பு கைக்கு வந்த பிறகு



வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒருவர் தொழிலியல் நீதிமன்றத்தில் வழக்காடி வெற்றி பெறுகிறார். தீர்ப்பின் நகலும் கைக்கு வருகிறது. ஆனால், கிடைக்க வேண்டிய தொகை எவ்வளவு என்பது அதில் தெளிவாக இல்லை. புக்கிட் காத்தில் வட்டாரத்திலும் மலாக்காவின் மற்றத் தோட்டங்களிலும் வாழும் குடும்பங்கள் அப்போது என்ன செய்யலாம் என்பதே இன்றைய பேச்சு.

முதலில் வழக்கின் தொடக்கத்தைப் பார்ப்போம். 1967ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டம், 20ஆம் பிரிவின்படி, நியாயமின்றி நீக்கப்பட்டதாகக் கருதுபவர் 60 நாட்களுக்குள் தொழில் உறவு இலாகாவில் முறையிட வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. துரையிடம் பேசிப் பார்க்கலாம் என்று காத்திருந்து இந்தக் கெடுவைத் தவறவிட்டால் வழக்கே எழாது.

இனி ஓர் உதாரணம். பால்மரம் வெட்டும் ஒரு தொழிலாளிக்கு 24 மாதச் சம்பளம் கொடுக்கும்படி தீர்ப்பாகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘கடைசியாகப் பெற்ற சம்பளம்’ என்று மட்டுமே அதில் எழுதியிருக்கிறது. நிர்வாகம் அடிப்படைச் சம்பளமான 1,700 வெள்ளியைக் கணக்கிடுகிறது. தொழிலாளியோ ஊக்கத்தொகையும் சேர்த்து 2,100 வெள்ளி என்கிறார். மாதத்திற்கு 400 வெள்ளி வித்தியாசம்; 24 மாதங்களுக்கு 9,600 வெள்ளி! ஒரு சொல்லின் பொருளில் இவ்வளவு பணம் அடங்கியிருக்கிறது.

இத்தகைய ஐயத்திற்குச் சட்டத்தின் 33ஆம் பிரிவு வழி காட்டுகிறது. தீர்ப்புக்குக் கட்டுப்பட்ட எந்தத் தரப்பும், தீர்ப்பளித்த அதே தொழிலியல் நீதிமன்றத்திடம் விளக்கம் கேட்டு மனுச் செய்யலாம். தெளிவின்மையை நீக்குவதற்காக வாசகத்தை மாற்றியமைக்கவும் நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு.

தீர்ப்பு தெளிவாகவே இருந்தும் நிர்வாகம் பணம் கொடுக்க மறுத்தால், 56ஆம் பிரிவின்படி அதே நீதிமன்றத்தில் புகார் செய்ய வேண்டும்.

தீர்ப்பே தவறு என்று கருதினால் செல்ல வேண்டிய இடம் வேறு. முன்பு, தொழிலியல் நீதிமன்றத்தின் தீர்ப்பே முடிவானது என்று சட்டம் சொல்லியது. சவுத் ஈஸ்ட் ஏசியா ஃபயர் பிரிக்ஸ் நிறுவனத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களை மீண்டும் வேலைக்கு எடுக்கும்படி அந்த நீதிமன்றம் உத்தரவிட்டது. உயர் நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. கூட்டரசு நீதிமன்றம் மீண்டும் நிலைநிறுத்தியது. கடைசியில் லண்டனிலுள்ள பிரிவி கவுன்சில் வரை வழக்குச் சென்று, 1980இல் தொழிலாளர் பக்கமே முடிவு கிடைத்தது. தீர்ப்பை எந்த நீதிமன்றத்திலும் ‘ரத்துச் செய்யக் கூடாது’ என்று சட்டத்தில் இருந்த வாசகமே அவர்களைக் காத்தது.

இன்று நிலைமை மாறிவிட்டது. 2021 ஜனவரி 1 முதல், தீர்ப்பில் திருப்தியடையாதவர் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். தீர்ப்பைப் பெற்ற நாளிலிருந்து 14 நாட்களே அவகாசம். முதலாளிக்கும் இந்த உரிமை உண்டு. ஆகவே, தீர்ப்பு வந்தவுடன் அதை நம்பிக் கடன் வாங்கிவிட வேண்டாம்.

நேயர்களே, ஒன்றை மறந்துவிடாதீர்கள். விளக்கம் கேட்பது வேறு, மேல்முறையீடு செய்வது வேறு. விளக்கம் வரட்டும் என்று காத்திருந்தால் 14 நாட்களும் கழிந்துவிடும்.

எனவே, தீர்ப்பு கிடைத்த தேதியை அதன் உறையின் மீதே எழுதி வையுங்கள். படிக்கும் பிள்ளைகளைக் கொண்டு முழுவதையும் வாசிக்கச் சொல்லுங்கள். சம்பளச் சீட்டுகளையும் பணி நீக்கக் கடிதத்தையும் ஒன்றாகக் கட்டி வைத்து, அந்த வாரத்திலேயே தொழிற்சங்க அதிகாரியிடமோ வழக்கறிஞரிடமோ காட்டுங்கள். ‘இது விளங்காத தீர்ப்பா, நிறைவேற்றப்படாத தீர்ப்பா, தவறான தீர்ப்பா?’ என்று அவரிடம் கேளுங்கள். அதற்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்தே நீங்கள் போக வேண்டிய வழியும் அமையும்.