உளவுக் கதை படிக்கலாமா?

மாலை வகுப்பில் ஒரு மாணவி, கணக்குப் புத்தகத்துக்குள் வேறொரு புத்தகத்தை மறைத்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். வாங்கி மேசைக்குள் வைத்துப் பூட்டினேன். "கதைப் புத்தகத்தால் பிள்ளை கெட்டுப்போகிறாள், சார்" என்று அவள் தாயார் முன்பே முறையிட்டிருந்தார். அப்படி என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று அன்றிரவு முதல் பக்கத்தைப் புரட்டினேன். மூடும்போது மணி இரண்டு.

அது அகதா கிறிஸ்டி 1922ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தி சீக்ரட் அட்வர்சரி' என்னும் ஆங்கில நாவல். முதல் உலகப் போர் முடிந்த சமயம். இலண்டனில் டாமி என்ற இளைஞன், டப்பென்ஸ் என்ற இளம்பெண். இருவருக்கும் வேலையுமில்லை, காசுமில்லை. போர்க்காலத்தில் மருத்துவமனையில் டப்பென்ஸ் செய்த முதல் வேலை, நாளொன்றுக்கு 648 தட்டுகள் கழுவுவது. அடுத்துக் கிடைத்த பதவி உயர்வு, கழுவிய தட்டைத் துடைப்பது! விடியுமுன் பேரட்டு, பிறகு அதே நிரை, அதே மரம் என்று பழகிய நமக்கு இந்தச் சிரிப்பை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இருவரும் துணிகர வேலை எதற்கும் தயார் என்று கிளம்புகிறார்கள். வேலை தருவதாகச் சொன்ன ஒரு கனவான் டப்பென்ஸிடம் பெயர் கேட்கிறார். சொந்தப் பெயரைச் சொல்ல விரும்பாத அவள், டாமி தெருவில் யாரோ பேசக் கேட்டு வந்து சொன்ன 'ஜேன் ஃபின்' என்ற பெயரைச் சொல்லி வைக்கிறாள். மனிதருக்கு முகம் மாறிவிடுகிறது. வாயை மூடிக்கொள்ள 50 பவுன் கொடுக்கிறார். ஏன் கொடுத்தார் என்பது அவளுக்கே தெரியாது! 1915 மே 7இல், ஜெர்மானிய நீர்மூழ்கி தாக்கி ஏறத்தாழ 1,200 பேருடன் மூழ்கிய லூசிடானியா கப்பலை ஆசிரியை இக்கதையில் இணைத்திருக்கிறார். அக்கப்பலில் இரகசியப் பத்திரத்தைப் பெற்றுக்கொண்ட பெண்தான் ஜேன் ஃபின். அவளைத் தேடுகிறான் பிரௌன். அவன் முகம் யாருக்கும் தெரியாது.

காதலும் உண்டு. பெற்றோர் பயப்பட வேண்டாம். இருவரும் பெரும்பாலும் சண்டைதான் போடுகிறார்கள். டாமியைக் காணவில்லை என்றதும்தான் அவள் மனம் நமக்குத் தெரிகிறது.

குறையும் உண்டு. தற்செயல் நிகழ்ச்சிகள் மிக அதிகம். தொழிலாளர் வேலைநிறுத்தத்தைச் சதிகாரர்களின் கருவியாகக் காட்டியது எனக்குப் பிடிக்கவில்லை. சங்கத்தில் உழைத்தவர்கள் அந்தப் பக்கங்களைச் சற்றுக் கோபத்தோடுதான் படிப்பார்கள். ஆனாலும், மாற்றமில்லாத வாழ்க்கை வாழ்கிறவர்களுக்கே ஆசிரியை இந்நூலைக் காணிக்கையாக்கியிருக்கிறார் என்பதைப் பார்த்தபோது, நம் லயத்து வீடுகள்தாம் என் நினைவுக்கு வந்தன.

மறுநாள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். கணக்கு முடிந்த பிறகு படிக்கச் சொன்னேன். தாயாரிடமும் பேசினேன். "இராத்திரி அந்தக் கதையை எனக்கும் சொல்லச் சொல்கிறேன்" என்றார். மாணவி மட்டும் நின்றுகொண்டிருந்தாள். "சார், பிரௌன் யாரென்று முன்னாலேயே கண்டுபிடித்தீர்களா?" என்றாள்.

கடைசி வரை தவறான ஆளைத்தான் சந்தேகித்தேன் என்று ஒப்புக்கொண்டேன்.